மயில்கழுத்து

இனாரி ஏரிக்கரையில் ஜூலைக்கு இரவு கிடையாது.
பதினொன்றரை மணி வெயிலில்
கொசுவலை முக்காடும் ரப்பர் பூட்ஸுமாக
மர்யுத் சதுப்பில் இறங்குகிறாள்.
ஊதாக் கதிரொன்றில் தலைகீழாய்த் தொங்கிய
உரோமத் தேனீ
வலைக்குள் வந்ததும் கோபப்படுகிறது.

கோபம் என்று எழுதக்கூடாது.
'இறக்கை அதிர்வு, உரத்து' என்று எழுதுகிறாள்.

மீன்வாடை இன்னும் போகாத படகுக் கொட்டகைதான்
ஆய்வுக்கூடம்.
நீல அட்டைக்குப் பின்னால் சர்க்கரைப்பாகு,
பச்சை அட்டைக்குப் பின்னால் கொயினாக் கசப்பு.
மூன்றே நாளில் எல்லாம் கற்றுக்கொண்டுவிட்டன
கடுகளவு மூளையை வைத்துக்கொண்டு.
நீலத்துக்கு நேரே பறப்பு. பச்சைக்கு முதுகு.

பிறகுதான் மூன்றாவது அட்டை.
நீலமுமில்லை, பச்சையுமில்லை.
மர்யுத்தின் ஏட்டில் அதற்கு எம்-2 என்று பெயர்.
நான் எழுதுகிற மொழியில் மயில்கழுத்து.
மயிலின் நிழல்கூட விழாத நாட்டுத் தேனீ
அதன் முன் அந்தரத்தில் நிற்கிறது.
இனிப்பா,
கசப்பா.
ஒரு நொடி. நாலு. ஏழு.

முன்னதாக ஒரு துளி பாகு கொடுத்திருந்தால்
சட்டென்று உள்ளே போகும்.
குலுக்கியிருந்தால் தயங்கும்.

குலுக்குவது ஒவ்லாவின் வேலை.
கண்ணாடிக் குழாயில் இட்டு, அறுபது நொடி,
கரடி கூட்டைத் தோண்டுகிற மாதிரி.
பனிமான் கன்றுகளின் காதில்
குடும்ப அடையாளம் வெட்டிப் பழகிய கைதான்;
இதைமட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு செய்கிறது.
நாற்பதைத் தாண்டினால் எண்ணிக்கை தவறிவிடும்.
'மறுபடி' என்பாள் மர்யுத்,
வேறு குழாயை நீட்டி.

"அதற்கு வருத்தமாக இருக்குமா?"
"தெரியாது. வருத்தப்பட்ட ஒன்று செய்வதைச் செய்கிறது.
அவ்வளவுதான் சொல்லலாம்."
"அண்ணி போனபிறகு என் அண்ணனும் அப்படித்தான்.
சோற்றுத் தட்டைப் பார்த்தபடி நின்றுகொண்டிருப்பான்.
யாரும் வந்து அட்டை காட்டவில்லை."

பதினேழாம் எண், முதுகில் வெள்ளைப் புள்ளி.
முழு அறுபது; ஒவ்லா உரக்கவே எண்ணினான்.
மயில்கழுத்தின் விளிம்பில் இறங்கி
உட்கார்ந்தது.
உணர்கொம்பை முன்காலால் வழித்தது, ஒருமுறை, இன்னொருமுறை,
வேறு வேலையே இல்லாததுபோல.
இருபத்து மூன்றாம் நொடியில் உள்ளே போனது.

உள்ளே வெறும் தண்ணீர்.
சோதனை நாளில் எம்-2க்குப் பின்னால் எப்போதும் தண்ணீர்தான்.

அப்போதுதான் மேசைமேல்
மர்யுத்தின் கைபேசி அதிரத் தொடங்கியது.
ரொவனியெமி. மருத்துவமனை எண்.
பலகை நடுங்கியது, பலகைமேல் குழாய்கள் நடுங்கின,
குழாய்க்குள் இருந்தவை எல்லாம் ஒரேயடியாய் ஓய்ந்தன.
அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
எண்ணக்கூடாது எண்ணக்கூடாது என்று
ஒவ்லா எண்ணிக்கொண்டே இருந்தான்.

பதினொன்றில் எடுத்தாள்.
எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

ஜன்னலில் அவள் முதுகு மட்டும்.
அதற்கப்பால் ஏரி,
நீலம் என்றால் நீலம், பச்சை என்றால் பச்சை.
தோள் குலுங்கியது.
சிரித்தாலும் தோள் அப்படித்தான் குலுங்கும்.

வேலை முடிந்த தேனீ உறைபெட்டிக்குப் போகவேண்டும்.
எடை பார்க்க, இறக்கை அளக்க.
ஒவ்லா பெட்டியின் கதவைத் திறந்தான்,
குளிர் முகத்தில் அடித்தது, மூடினான்.
பதினேழைக் கைக்குள் பொத்திக்கொண்டு
பின்வாசல் வழியாய்ப் போனான்.
ஊதாக் கதிர்கள்வரை அது கொட்டவே இல்லை;
கதிரில் விடும்போது கொட்டியது.

மர்யுத் திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.
ஏட்டைப் புரட்டினாள்.
பதினேழுக்கு நேரே, கடைசிக் கட்டத்தில்,
கோணல் எழுத்தில்: 'தப்பியது.'

வீங்கிய பெருவிரலை அவன் பின்னால் மறைத்துக்கொண்டான்.
அவள் அழிக்கவில்லை, கேட்கவில்லை.
பென்சிலை எடுத்து
அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் நேரத்தைக் குறித்தாள்:
பன்னிரண்டு நாற்பது,
வெயில்.