இரண்டு கோடுகள்

ஔலு நகரில் மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.
குப்பியில் மஞ்சள் பொடி.
சீட்டில் யோர்மாவின் கிறுக்கல்:
குளோரின்கள் எதிரெதிரே.

எதிரெதிரே என்றால்
பிளாட்டினத்தின் ஊடாக ஒவ்வோர் அணுவையும்
அக்கரை சேர்த்துவிடலாம்,
நடந்ததற்குத் தடயமே இராது.
இரண்டு குளோரினும் ஒருசேர நீள்வதை
அகச்சிவப்பு பார்க்காது;
ஒன்று நீள, மற்றது குறுகினால் பார்க்கும்.
அந்தப் பக்கம் ஒரே கோடு விழவேண்டும்.

விழுந்தவை இரண்டு.

ஹில்க்கா தட்டைத் துடைத்தாள்,
புதிதாய் அரைத்தாள், மறுபடி எடுத்தாள்.
இரண்டு,
நெருக்கி முளைத்த பல் மாதிரி.

அப்படியானால் இவை அருகருகே.
எட்டுச் சமச்சீரில் நான்கு போயிற்று;
மிச்சம் ஓர் அச்சு, இரண்டு ஆடி,
அப்புறம் சும்மா இருத்தல்.
அதுவும் கணக்கில் உண்டு,
எந்தக் கோணல் மூலக்கூறிடமிருந்தும்
அதை மட்டும் பிடுங்க முடியாது.

காலணிப் பனியை உதறிக்கொண்டு
யோர்மா வந்தான்.
வரைபடத்தைத் திருப்பிக் காட்டினாள்.
வெகுநேரம் பார்த்தான்.

"சூடாக்கவே இல்லை போல.
அன்றைக்குத்தான் கடல் உறையுது என்றார்கள்,
பார்க்க ஓடிவிட்டேன்."

சீட்டில் ஒரு சொல்லை அடித்தபடி கேட்டாள்:
"உறைந்ததா?"

"கரையோரம் மட்டும்."