மூஞ்சிக்கல் உரக்கடையில் ஒரு மஞ்சள்

ஷட்டரை முழுக்கத் தூக்கக்கூட இல்லை,
குனிந்து உள்ளே வந்தான்.
ஜெர்க்கினுக்குள் எதையோ
பூனைக்குட்டி மாதிரி ஒளித்திருந்தான்.
முதலில் போனைத்தான் நீட்டினான்.
படம் முழுக்க ஊதா.
ஊதா லைட்டுக்குக் கீழே எடுத்த படத்தில்
எந்த மஞ்சளைப் பார்ப்பது தம்பி,
என் மூஞ்சியும் அதில் கத்தரிக்காய்தான் என்றேன்.

அப்புறம் ஜிப்பை இறக்கினான்.
காகித டீக் கப்.
அதில் சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு நாற்று.
"செண்டுமல்லிக்கா."

செண்டுமல்லி.
பதினாறு வருஷமாய்ப்
பூம்பாறைப் பூண்டுக்கும் வில்பட்டி கேரட்டுக்கும்
மருந்து கொடுக்கிறவள் நான்.
முதல் இலை ஒற்றை விரல்,
அடுத்தது மூன்று விரல்,
ஓரமெல்லாம் ரம்பம்.
ஐந்தாகி ஏழாகி இது எங்கே போய் நிற்கும் என்று
எனக்குத் தெரியும், ஸ்டேஷன் ஏட்டுக்குத் தெரியும்,
கல்லாவுக்கு மேல் காலண்டரில் இருக்கும்
சூசையப்பருக்கும் தெரியும்.
"நல்ல செண்டுமல்லி" என்றேன்.
அவன் காது சிவந்தது.

எங்கே வைத்திருக்கிறாய்?
பீரோவுக்குள்ள.
எத்தனை?
ஒன்பது. இப்ப ஆறு.
தண்ணீர்?
காலையில. மத்தியானம். தூங்கப்போறப்ப.
பயம் வரும்போதெல்லாமும்.
கடைசியாய் உள்ளதை அவன் சொல்லவில்லை,
கப்பின் கனம் சொன்னது.

தூக்கிப் பார்த்தேன், அடியில் ஓட்டையில்லை.
மண்ணை மோந்தேன், புளித்த மாவு.
குச்சியால் விலக்கினால்
வேர் வெள்ளையாக இல்லை,
வடிகட்டியில் மிஞ்சிய டீத்தூள் நிறம்.

இதோ, அடியில் உருண்டையாய் ஒரு ஜோடி,
இது வித்திலை.
இது மஞ்சளாவது நோயே இல்லை.
விதை கட்டிக்கொடுத்த சோறு தீர்ந்தது,
உதிரட்டும்.
கீழிருந்து மேலாக வெளுத்து ஏறினால்
தழைச்சத்துப் பசி.
குருத்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாய் நின்றால்
இரும்பு எட்டவில்லை.
உன்னுடையது இரண்டுமில்லை.
வயிறு நிறைந்த பிள்ளைக்கு
இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய் என்று
ஊட்டின மாதிரி
மொத்தமாய்த் தொங்குகிறது பார்.

பத்தொன்பது பத்தொன்பது பத்தொன்பது இருக்காக்கா?
இருக்கிறது, மூட்டை மூட்டையாய். தரமாட்டேன்.
முங்குகிறவன் வாயில் மோர் ஊற்றக்கூடாது.
வாசலுக்கு வா, நல்ல வெளிச்சத்தில் பார்க்கலாம்.

டிசம்பர் வெயில்
ஒரு கோணிச்சாக்கு அகலத்துக்குத்தான் விழுந்திருந்தது.
கப்பை அதற்குள் நீட்டினான்.
இலையைப் பார்க்கக் குனிந்தவள்
கப்பைப் பிடித்திருந்த நகத்தைப் பார்த்தேன்.
நிமிர்ந்தேன்.
கண்ணின் வெள்ளை வெள்ளையாக இல்லை.

எத்தனை நாளாய்ப் பசியில்லை?
"பத்து நாள் இருக்கும். குளிர் சேரலன்னு நெனச்சேன்."
மூத்திரம்?
தரையைப் பார்த்தான். "கடுங்காப்பி மாதிரி."
தண்ணீர் எங்கே பிடிக்கிறாய்?
"லாட்ஜுக்குப் பின்னாடி ஓடைக் குழாய்.
செடிக்கு மட்டும் கேன் தண்ணி வாங்குறேன்."

காமாலைக்காரன் கண்ணுக்குக்
கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள்.
சொன்னவர் ஒரு காமாலைக்காரனையும்
கேட்டுப் பார்த்திருக்க மாட்டார்.
எல்லாம் அதனதன் நிறத்தில்தான் தெரிகிறது அவனுக்கு.
அவனைத்தான் அவனுக்குத் தெரியவில்லை.

கப்பைப் பிடுங்கி மேசையில் வைத்தேன்.
கவர்மெண்ட் ஆஸ்பத்திரி,
சீட்டுக் கொடுக்கிற இடத்தில் கூட்டம் சேருமுன் போ.
ரத்தம் எடுக்கச் சொல்.
நாட்டு மருந்து, கண்ணில் விடும் சாறு,
ஒன்றும் வேண்டாம், பேர் என்ன?
"லெவின்."
உள்ளதைச் சொல் அங்கே. குடிக்கிற தண்ணீரை முதலில் சொல்.
"செடி?"
செடி என் கடையில் இருக்கும், போ.

ஜீப் ஸ்டாண்டு வரைக்கும் மூன்று தடவை
திரும்பிப் பார்த்தான், என்னை இல்லை.

சாக்குத் தைக்கிற ஊசியால்
கப்பின் அடியில் நாலு ஓட்டை போட்டேன்.
எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.
சொட்டிச் சொட்டி
ரசீதுப் புத்தகத்தின் ஒரு மூலை ஊறிவிட்டது.

பதினொரு மணிக்கு முட்டைக்கோசுப் புழுவுக்கு
மருந்து வாங்க வந்த பள்ளங்கிக்காரர்
கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்,
இது என்ன நாத்தும்மா?

செண்டுமல்லி என்றேன்.