மூன்றாம் வகுப்பு, திங்கட்கிழமை, நாற்பது நிமிடம்

வெள்ளிக்கிழமை
எட்டுப் போத்தல்களில் தண்ணீர் அளந்து
ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போனேன்.
ஊறுகாய்ப் போத்தல் இரண்டு, தக்காளி சோஸ் மூன்று,
மீதி வீட்டு ஜாம்.
முட்ட நிறைந்தது ச.
அடியில் நாலு விரல் மட்டும் நிற்பது மேல் ச.
நடுவில் உள்ளவை
தேக்கரண்டி கூட்டி, தேக்கரண்டி குறைத்து,
பின்னேரம் முழுக்கத் தட்டித் தட்டி
நான் பிடித்தவை.

ரெஜைனாவில் தை மாதம்.
சனி இரவு கழித்தல் முப்பத்தாறு.
திடலோரம் தனியே நிற்கும் எங்கள் பெட்டி வகுப்பில்
ஹீட்டர் எப்போது நின்றதென்று
ஒருவருக்கும் தெரியாது.

திங்கள் காலை ச வெடித்திருந்தது.
சில்லுகளை லேபல் மட்டும் பிடித்திருந்தது.
உள்ளே போத்தலின் வடிவத்தில் ஐஸ்,
கழுத்து உட்பட.
ரி-யில் மயிர்க்கோடு. அதையும் எடுத்துவிட்டேன்.

பாடக்குறிப்பில் எழுதியிருந்தது:
தண்ணீர் கூடினால் சுருதி தாழும்.
போன வருடம் இதைத் தலைகீழாகச் சொல்லி
ஒக்ஸானாவின் அண்ணனிடம் அகப்பட்டேன்.
"ஊதினால்தான் மிஸ் அப்படி.
தட்டினால் இப்படி."
இரண்டையும் செய்தும் காட்டினான்,
சட்டையெல்லாம் தண்ணீர்.
ஐஸுக்கு என்ன எழுதுவது?
குறிப்பில் அதற்குக் கட்டம் இல்லை.

ஆள் வந்து திருத்திப் போன ஹீட்டரின் முன்னால்
மிஞ்சிய ஆறையும் அடுக்கினோம்.
இருபத்துமூன்று பேர், ஜாக்கெட்டும் கையுறையுமாக.
டேன் தட்டினான்: டொக்.
மரிகார் தட்டினாள்: டொக்.
க, ம, ப எல்லாம் டொக்.
"சத்தம் எங்க போனது?"
"செத்துப் போச்சு."
"இல்லை, குளிருது அதுக்கு" என்று
தன் கம்பளித் தொப்பியை ப-வுக்குப் போட்டான் ஜாஸ்பர்.

கரைய நேரம் எடுக்கும்.
சும்மா இருக்க மூன்றாம் வகுப்பால் ஏலாது.
சரி, மாத்திரை.
கண்ணை ஒருதரம் இமை, அது ஒன்று.
விரலை ஒருதரம் நொடி, அதுவும் ஒன்று.
கையுறைக்குள் எவர் நொடித்தாலும் கேட்காது.
ஆனபடியால்
வகுப்பே சத்தமில்லாமல் தாளம் போட்டது.
என் பதினோரு வருடத்தில் முதல் தடவை.

பிறகு பெயர்களை அளந்தோம்.
குறில் நெடில் என்று சொல்லவில்லை.
கட்டை எழுத்துக்கு ஒன்று, நீட்டுக்கு இரண்டு,
பெயரின் வாலில் தொங்குவதற்கு அரை.
ஹோதான் நாலரை.
டேனுக்கு முகம் தொங்கிவிட்டது:
"எனக்கு இரண்டரைதானா?"
"அரை எனக்கும் இருக்குது பார்" என்றாள் ஹோதான்.
அரையை எப்படிக் காட்டுவது?
"கண்ணைப் பாதி மூடலாம்" என்றான் ஜாஸ்பர்.

அதிபர் எட்டிப் பார்த்த நேரம்
இருபத்துமூன்று பிள்ளைகளும் அரைக்கண்ணில் இருந்தார்கள்.
"பாடம் நடக்குதா?"
"நடக்குது சார். வாலை அளக்கிறோம்."
கண்ணாடிப் போத்தல் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கி,
பிறகு பேசுவோம் என்று போய்விட்டார்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் போய்த் தட்டவேண்டும்.
டொக்.
டொக்.
டக்.
முப்பத்தோராவது நிமிடம்
ஒக்ஸானாவின் பென்சிலில்
மேல் ச கண் விழித்தது.
ச-வும் இல்லை, நி-யும் இல்லை,
உள்ளே ஒரு கட்டி உருண்டு
ஓரத்தில் முட்டிக்கொண்டு வந்த ஒன்று.
நான் பிடித்து வைத்த எட்டில்
அது இல்லை.
கத்தினார்கள் பாருங்கள்,
நான் தடுக்கவில்லை.

சாப்பாட்டு மணி.
எல்லோரும் ஓடியபின்
பூட்ஸ் ஒரு காலில், மற்றது கையில்,
ஹோதான் திரும்பி வந்தாள்.
க-வைத் தட்டி, காதை வைத்து, காத்திருந்தாள்.
"இன்னும் வரேல்லை மிஸ்."
ஒரு கண்ணைப் பாதி மூடிக் காட்டிவிட்டு
ஒற்றைக் காலில் துள்ளிப் போனாள்,
கதவை விரியத் திறந்தபடி விட்டு.
விழுந்தடித்துக்கொண்டு ஓடிச் சாத்தினேன்.