துளை

இஞ்சிவிளை ஆக்கர்கடையில்
தராசில் ஏற்றித்தான் தந்தான் ஸ்ரீகண்டன்.
கேரியரோடு பத்தொன்பது கிலோ.
காளியக்காவிளைப் பக்கம் என்றால்
கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்திருப்பார்கள்.

மட்கார்டு மாட்ட ஒரு காதுகூட இல்லை.
முன்கவையின் இரண்டு காலும் உருண்டை.
சரிந்த வளைவில் மிதிகட்டை தட்டாதிருக்க
அச்சு ஒரு விரற்கடை உயரம்.
பந்தயத்துக்கென்றே பிறந்த வண்டி.
அடிவயிற்றில் எண், பக்கத்தில் 58.
அன்றிரவு நான் தூங்கவில்லை.

உப்புத்தாள் தேய்க்கத் தேய்க்க
மேலே மீன் சங்கத்துப் பச்சை,
அதற்கடியில் நீலம், பிறகு செங்காவி,
கடைசியாகக் கழுத்து மடிப்பில்
நகத்தளவு அரக்கு நிறம்.
அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன்,
கார் ஷெட்டில், தனியாக.

ஒன்றுவிட்டு ஒரு பல் உள்ள சங்கிலிக்கு
எட்டு மாதம் கடிதம் போட்டேன்.
பின்சக்கரத்துப் பூட்டுவளையம்
இடப்பக்கம் சுற்றினால்தான் இறுகும்;
அது தெரியாத எத்தனையோ கைகள்
வலப்பக்கம் சுற்றிச் சுற்றி
மரையை மாவாக்கி வைத்திருந்தன.
காட்டர் பின்னை அரத்தில் ராவி,
மாட்டி, கழற்றி, மறுபடி ராவி.
தையல் டயரை ஒட்ட
அந்தக் காலத்தில் அரக்குதானாம்.
மார்த்தாண்டத்து மேசை பாலீஷ் கடையில்
கால் கிலோ வாங்கி ஸ்பிரிட்டில் கரைத்தேன்.

கேரியர் பற்றவைத்த இடத்தில்
நெருப்பைக் காட்டியதும்
குழாய் மூச்சு விட்டது.
சாளை நாற்றம்.
சுவரேறி வந்தன மூன்று பூனைகள்.

பூனைகளுக்குப் பின்னால், நடையில் மீன் விற்கிற ரெஜினாள்.
ஆணியில் தொங்கிய கேரியரைப் பார்த்தாள்.
"இது எங்கப்பன் வண்டியாக்கும்."

அப்பன் பெயர் சில்வேரி.
விளையாட்டு ஹாஸ்டல் ஏலத்தில் எடுத்தாராம்.
பிரேக் இல்லாத வண்டி என்று யாரும் சொல்லவில்லை.
முதல் வாரமே குழித்துறை இறக்கத்தில்
நாற்பது கிலோ மீனோடு
வாழைத்தோப்புக்குள் இறங்கியிருக்கிறார்.
மறுநாள் கைத்துறப்பணம் இரவல் வாங்கி
முன்கவையின் தோளில் துளை போட்டார்,
இரண்டு மணி நேரம்,
கோணலாக.

அந்தத் துளையை அடைக்கத்தான்
பித்தளைக் கம்பி வாங்கி வைத்திருந்தேன்.
அவள் அதில் சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்தாள்.
நகம் மட்டும் போயிற்று.

மூன்று வருஷம் பந்தயம்.
முப்பத்தோரு வருஷம் மீன்.
நான் தேடிய உதிரிகளெல்லாம்
அந்த மூன்றுக்கு.

"வண்டி எனக்கு வேண்டாம்," என்றாள்.
"கேரியர் தாரும்."
பழைய டியூப்பைக் கிழித்து
ஸ்கூட்டரின் முதுகில் இறுக்கிக் கட்டினாள்.
பொருந்தவில்லை. கட்டிவிட்டாள்.

திருவனந்தபுரம் கண்காட்சியில்
கண்ணாடிக்காரர் குனிந்து பார்த்தார்.
சங்கிலிக்குத் தலையாட்டினார்,
அரக்கை மோந்துகூடப் பார்த்தார்.
பிறகு எழுதினார்:
காலத்துக்கு ஒவ்வாத துளை, மூன்று மதிப்பெண் கழிவு.
எந்தக் காலம் என்று
கேட்க வந்த வாயை
டீ குடிக்கத் திறந்தேன்.

இன்னும் திறக்காத நாலுவழிச் சாலையில்
விடியுமுன் ஓட்டுகிறேன்.
சக்கரம் சுற்றும்வரை கால் சுற்றவேண்டும்,
இளைப்பாற இடமே இல்லை இதில்.
பாலமேடு தாண்டிய சரிவில்
பின்னாலிருந்து ஸ்கூட்டர் வந்து முந்துகிறது,
மேலே ஐஸ்பெட்டி,
அடியில் அந்தக் கேரியர்.
தடுப்பு வந்ததும் பிரேக் பிடிக்கிறாள்;
சிவப்பு விளக்கு எரிகிறது.

நான் தொடையை எதிர்த்துப் பிடித்தபடி
இன்னும்
வந்துகொண்டிருக்கிறேன்.