ஒன்றுக்கு அறுபத்து நான்கு

விடியுமுன் பூன் லே நிலையத்தில்
பேருந்தை வளைத்து நிறுத்திவிட்டுப் பார்த்தேன்,
ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையை விரித்து.
செம்புக்காசு நிறத்தில் ஏழெட்டுப் புள்ளி.
அரிப்பில்லை. வலியில்லை.
தெளிவுக்கு உள்ளங்கை நெல்லிக்கனி என்பார்கள்.
உள்ளங்கை தெளிவாகத்தான் இருந்தது,
கனிதான் என்னவென்று தெரியவில்லை.

சோப்பு மாற்றினேன். கையுறை போட்டேன்.
தோழியின் பிறந்தநாளில் தின்ற நண்டைத் திட்டினேன்.
இரண்டு மாதம் முன்னால்
வாய்விட்டுச் சொல்லாத இடத்தில் வந்து
மூன்று வாரத்தில் தானே ஆறிப்போன ஒரு புண்ணை
நினைக்கவேயில்லை.
வலிக்காத புண்ணை யார் கணக்கில் வைப்பார்கள்?
அது இறங்கிப் போகவில்லையாம்,
ரத்தத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது,
அட்டை தட்டாமல்.

கிளினிக்கில் பெயர் சொல்லிக் கூவவில்லை.
எண் வந்தது, எழுந்து போனேன்.
ஒன்றுக்கு அறுபத்து நான்கு, என்றார் டாக்டர் லோகீசன்.
நீர்க்க நீர்க்க, அறுபத்து நான்கு மடங்கு நீர்த்த பிறகும்
இருக்கிறேன் என்று கையைத் தூக்குகிறதாம் என் ரத்தம்.
சிபிலிஸ் என்று எழுதினார்.
தமிழில் என்ன என்று அவருக்குத் தெரியவில்லை.
எனக்குத் தெரியும்.
பஃப்பலோ ரோட்டில் அப்பாவின் நாட்டு மருந்துக் கடையில்
மேல்தட்டு டப்பா ஒன்றில் பறங்கிப்பட்டை என்று எழுதியிருக்கும்.
எதற்கென்று கேட்டால் அடி விழும்.

பறங்கிப்புண்.
கப்பலில் வந்தவன்மேல் போட்ட பெயர்.
கப்பல்காரன் தன் ஊரில்
பக்கத்து நாட்டான் பெயரை வைத்திருந்தானாம்.
பக்கத்து நாட்டான் அவனுக்கு அடுத்தவன் பெயரை.
உலகத்தைச் சுற்றி வந்தும்
ஒருத்தர்கூட என் புண் என்று சொல்லவில்லை.

மிஸ்ஸி ரொஹானா ஊசிமருந்தைக் கைக்குள் உருட்டிச் சூடாக்கினாள்.
பென்சிலின், கஞ்சிபோல் கெட்டி.
வலப்பக்கம் பாதி, இடப்பக்கம் பாதி.
பெலான் பெலான், என்றாள். மெதுவாகத்தான் இறங்கியது.
ராத்திரி நடுக்கிக்கொண்டு காய்ச்சல்.
சாகிற கிருமிகளின் கலாட்டா, முன்பே சொல்லியிருந்தார்கள்.
மறுநாள் எட்டரை மணிநேரம்
அந்த இரண்டு ஊசியின்மேல்தான் உட்கார்ந்து
ஜூரோங் முழுவதும் ஓட்டினேன்.
ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு சாமி பெயர்.

பிறகு நீ, குணாளா.
வேண்டுமானால் நாங்களே கூப்பிட்டுச் சொல்கிறோம்,
உங்கள் பெயர் வராது, என்றார்கள்.
நாலு நாள் யோசித்தேன்.
பெயர் வராமலேயேதான்
இது இத்தனை தூரம் வந்திருக்கிறது.
கோப்பிக் கடையில் உன் எதிரே உட்கார்ந்து சொன்னேன்.
யார் யாருக்குக் கொடுத்தது, என்றாய்.
தெரியாது. உண்மையிலேயே தெரியாது.
எனக்கு ஒன்றுமே இல்லையே, என்றாய்.
எனக்கும் ஒன்றுமே இல்லாமல்தான் இருந்தது.
கோப்பியைப் பாதியில் விட்டு எழுந்து போனாய்.

மூன்றாம் நாள் போனில் ஒரு படம்.
வரிசைச் சீட்டு. எண் முப்பத்தொன்பது.
வேறு ஒரு சொல் இல்லை.
பதிலுக்கு எழுதினேன்:
இரண்டு நாளைக்குத் தலையணை போட்டு உட்கார்.

ஆறு மாதமாயிற்று. இப்போது ஒன்றுக்கு எட்டு.
இன்னொரு சோதனை மட்டும்
சாகும்வரை ஆம் என்றே சொல்லக்கூடும்.
அது தழும்பு, காவல் இல்லை,
மறுபடி தொற்றினால் மறுபடி வரும், என்றார் லோகீசன்.
கைப்பையில் சில்லறைக்குப் பக்கத்தில் ஆணுறை வைத்திருக்கிறேன்.
சொன்ன தேதிக்குப் போய் ரத்தம் கொடுக்கிறேன்.
உன்னைப் பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை.

கதவு திறக்கிறது. ஏறுகிறார்கள்,
அட்டையை வைத்து, டிட், டிட்,
எல்லாரும்
கையைக் கவிழ்த்தபடியே.