எட்டாம் கட்டில்

தலைமாட்டில் தொங்கும் அட்டையில் மூன்று மொழி.
எங்கள் வரியில் ஒரு கால் விழுந்துபோய்
"வாயால் எதுவும் கெடுக்க வேண்டாம்"
என்றிருக்கிறது.
யதுஷி எழுத்துக்கூட்டிப் படித்துச் சிரித்தாள்.
சிரிப்பு வயிற்றில் இழுக்க
பாதியில் நிறுத்தினாள்.

நாலு நாளாக வெளிக்குப் போகவில்லை.
வெள்ளிக்கிழமை ஏற்றிய மருந்து
கெட்ட ரத்தத்தைத் தேடிப் போன வழியில்
குடலையும் உறங்க வைத்துவிட்டதாம்.
வயிறு,
மழைக்கொழுந்தை மிதித்து அடைத்த சாக்கு.

மூக்குக் குழாய் வழியே
பச்சைத் தண்ணீர் பைக்குள் இறங்குகிறது.
அளந்து எழுதுவது என் வேலை.
இருநூற்றுப் பத்து. தொண்ணூறு.
பொகவந்தலாவையில் என் கொழுந்தை நிறுத்தால்
ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழிப்பார்கள்.
கண்டியில் யாரும் எதையும் கழிப்பதில்லை.
வாந்திக்குக்கூட முழு நிறை.

மிஸ்ஸி குனிந்து கேட்பாள்:
"படே ரிதெனவாத?"
"ரிதெனவா மிஸ்."
நான் கேட்பேன்:
"வவுறு வலிக்குதாடி?"
"இல்லம்மா."
இரண்டும் ஒரே பதில் என்றுதான்
மூன்று நாள் நம்பியிருந்தேன்.

பக்கத்துக் கட்டில் ஃபஸ்லியா, மாவனல்லைக்காரி,
பால்மா கரைத்துக்கொண்டே சொன்னாள்:
"ரிதெனவா எண்டா நோகுது எண்டு."

அன்றிரவு அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.
பசித்தது.
கழிவறையில் பைப்பைத் திறந்துவிட்டு
நின்றபடியே ரொட்டி தின்றேன்.
சம்பல் வாசம் போக
இரண்டு தரம் சோப்புப் போட்டேன்.

விடியற்காலை டாக்டர் வந்தார்.
நெஞ்சை விட்டுத் தொப்புளுக்குப் பக்கத்தில்
குழாயை வைத்துக் கண்ணை மூடினார்.
வார்டே மூச்சடக்கியது.
ஒன்றும் சொல்லாமல்
அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பதினொரு மணி இருக்கும்.
ஜன்னலில் மழை அடித்துக்கொண்டிருந்தது.
போர்வைக்குள்ளிருந்து ஒரு சத்தம்.
சத்தம் சின்னது, நாற்றம் பெரிது.
"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் ஃபஸ்லியா.
மிஸ்ஸி ஓடி வந்து
மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
யதுஷி போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்,
மயிரில்லாத உச்சி மட்டும் வெளியே.

அளவுக் கொப்பியை எடுத்தேன்.
இதற்கென்று கட்டம் இல்லை.
நேரத்தை மட்டும் எழுதினேன்.

பிறகு போர்வையை விலக்கி
மெல்லக் கேட்டேன்:
"படே ரிதெனவாத?"

வெகுநேரம் என்னையே பார்த்தாள்.

"ரிதெனவா."