கடற்சிங்கத்துக்குச் சில்லறை ஏது

டனீடினில் ஜூலை மாதம்
துணி காய்வதென்பது ஒரு நம்பிக்கை, அவ்வளவுதான்.
ஆகவே ஞாயிறு இரவு
மேட்டுத் தெருச் சலவை நிலையத்தில்
நாங்கள் மூன்று பேர்.
கண்ணாடி வட்டத்துக்குள்
அவரவர் உள்ளாடை
கூச்சமில்லாமல் குட்டிக்கரணம் அடிக்கிறது.

டாம்சின் பல் மருத்துவம் படிக்கிறாள்;
பேசும்போது எதிராளியின் கடைவாயைப் பார்க்கிறாள்.
ரேவிக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை;
மஞ்சள் மேலங்கியை இன்னும் கழற்றவில்லை.
வம்பை ஆரம்பித்து வைத்தது
அவள் பையில் குத்தியிருந்த வில்லை:
தேக்கரண்டி மாலுமிகள்,
கீழே துளியூண்டு படகு.

"இவர்களா" என்றான்.
ஒரே சொல். அதற்குள் நாலு பக்க விமர்சனம்.

"இவர்களுக்கென்ன?"

"முப்பது தாண்டிய ஐந்து பேர்
பொம்மைப் பியானோ வாசிக்கிறார்கள்.
குடைக்குக் காய்ச்சல் என்று ஒரு பாட்டு.
ஜாம் பாட்டிலுக்குள் குடியிருக்கும் மேயர் என்று ஒன்று.
வாய் நிறையச் சர்க்கரையைக் கொட்டிவிட்டு
இசை என்கிறார்கள்.
பல் டாக்டர், உனக்கே தெரிய வேண்டாமா?"

"சர்க்கரை இல்லை. புளிப்பு மிட்டாய்.
கடைசியில் நாக்கைக் கீறும்.
அந்த மேயர் ஏன் மூடியைத் திறப்பதே இல்லை,
யோசித்தாயா?"

"யோசித்தேன்.
அப்படி ஒரு மேயர் இல்லை. அதனால்."

நான் காலுறைகளுக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தேன்.
சொல்லியிருக்கலாம்:
அந்தக் குழுவில் ஆறு வருடம்
முக்கோண மணி தட்டியவன் நான்,
பாதிப் பாட்டுக்குச் சொல் எழுதியவனும் நானே,
போன வருடம் விலகினேன்.
சண்டையெல்லாம் இல்லை. முழங்கை வலி.
எதனால் என்று சொன்னதும்
மருத்துவரே சிரித்துவிட்டார்.

"சரி, கடற்சிங்கம்?"
டாம்சின் துருப்புச்சீட்டை இறக்கினாள்.
கடற்சிங்கம் பஸ் ஏறிப் போகிற பாட்டு.

"அதற்குச் சட்டையே கிடையாது.
பையும் கிடையாது.
டிக்கெட்டுக்குச் சில்லறை ஏது?"
ரேவி எழுந்தே நின்றுவிட்டான்.
"கற்பனைக்கும் கணக்கு உண்டு.
முப்பது டன் பெட்டியைத் தூக்குகிறவன் நான்.
எடை எங்காவது இறங்கியாக வேண்டும்.
இவர்கள் பாட்டில் எதுவும்
எதன்மேலும் இறங்குவதில்லை."

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, இயந்திரத்தைப் பார்த்தபடி:
"இன்வர்கார்கிலிலிருந்து வந்த முதல் வாரம்
எந்த நிறுத்தத்தில் இறங்குவதென்று தெரியாமல்
கடைசி வரைக்கும் போய்
அதே பஸ்ஸில் திரும்பி வருவேன்.
கடற்சிங்கமும் அதைத்தான் செய்கிறது.
மூன்றாம் சரணம். அது எடை இல்லையா?"

உண்மை இது:
அடைமழையில் ஓட்டுநர் ஒருவர் என்னை ஏற்றவில்லை.
இருக்கை நனையுமாம்.
வீட்டுக்கு நடந்து வந்து, சொட்டச் சொட்ட,
அவரைத் திட்டி எழுதினேன்.
கடற்சிங்கம் என்பது அவர் மீசை.
கடைசி நிறுத்தம் வந்தது
மெட்டில் நாலு அசை மிச்சமிருந்ததால்.

அவள் சொன்ன பாட்டு
நான் எழுதியதைவிட நன்றாக இருந்தது.
வாயை மூடிக்கொண்டேன்.

"மூன்று இசைத்தட்டும் வைத்திருக்கிறேன்" என்றான் ரேவி,
ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரலில்.
"வெறுப்பதென்றால் ஒழுங்காக வெறுக்க வேண்டாமா?
மூன்றாவதில், இரண்டாம் பக்கம்,
ஒரு மணியோசை தாளத்துக்குப் பிந்தி விழும்.
அது மட்டும் பரவாயில்லை.
யாரோ தூங்கி விழித்தது மாதிரி."

தூங்கித்தான் போனேன் அன்றைக்கு.

அவன் இயந்திரம் நின்றது.
துணி இன்னும் ஈரம்.
மேலங்கியின் எல்லாப் பைகளையும் தட்டிப் பார்த்தான்.
இரண்டு டாலர் நாணயத்தை நீட்டினேன்.
வாங்கிப் போட்டான்,
முகத்தைக்கூடப் பார்க்காமல்,
"இல்லை, அந்த மேயர் விஷயத்தில்..." என்று
அவள் பக்கம் திரும்பினான்.

மேட்டில் பாதி ஏறியபின்தான் கவனித்தேன்:
என் கூடையில் யாருடையதோ ஒற்றைக் காலுறை,
சின்னச் சின்னக் கடைவாய்ப்பல் படம் போட்டது.
கீழே சலவை நிலைய வெளிச்சத்தில்
நாலு கைகள் காற்றில் வெட்டிக்கொண்டிருந்தன.

இறங்கிப் போய்க் கொடுத்திருக்கலாம்.
பேச்சு நின்றுவிடும்.
பையில் போட்டுக்கொண்டு நடந்தேன்.